புது யுபிவிசி ஜன்னல்: மதியம் ‘டக் டக்’, ராத்திரி ‘கடகட’, சமையலறையில் விசில். எதை முதலில் பார்ப்பது?

மேற்குப்பார்வை:

வணக்கம். வீடு மதுரை ஆனையூர், முதல் மாடி. பழைய மர ஜன்னல்களை நிலையோடு பெயர்த்துவிட்டு இந்தச் சித்திரையில் யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக் வகை) போட்டோம். இப்போது விதவிதமாகச் சத்தம் வருகிறது.

மேற்குப் பார்த்த படுக்கையறை ஜன்னல்தான் பெரிய தொல்லை. 6 அடிக்கு 4½ அடி, ஸ்லைடிங். இரண்டு கண்ணாடி ஷட்டர், ஒரு கொசுவலை ஷட்டர். புரொஃபைல் (பிரேமின் பிளாஸ்டிக் சட்டம்) வெளியே வால்நட் கலர், உள்ளே வெள்ளை. 5 மி.மீ. டஃபன் (சூடாக்கிப் பதப்படுத்திய) கண்ணாடி. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் விழ ஆரம்பித்ததும் ‘டக்... டக்’ என்று அடிக்கிறது. சில நேரம் விரலால் சுண்டிய அளவு, சில நேரம் பக்கத்து அறை வரை கேட்கும். ஐந்தரைக்கு அடங்கிவிடும். ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை மறுபடியும். மேகம் போட்ட நாளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அதே ஜன்னல், காற்றடித்தால் ‘கடகட’. ஆடி பிறந்ததிலிருந்து அந்த அறையில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. சாயங்காலம் மழை பெய்தால் கீழ் ட்ராக்கில் ‘களக் களக்’ என்று வேறு கேட்கிறது.

சமையலறை தெற்குப் பக்கம், 3 அடிக்கு 3 அடி, வெளியே திறக்கும் ஷட்டர். அதில் மெல்லிய விசில். சிம்னி ஓடும்போது அதிகம்.

கிரில் உள்பக்கம் இருக்கிறது. 10 மி.மீ. சதுரக் கம்பி, சுற்றிலும் பட்டை. அதை ஜன்னல் பிரேமிலேயே 12 இடத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஜன்னல் வைத்த பிறகு கொத்தனார் பிரேம் வரைக்கும் சிமெண்ட் பூசி முடித்தார். ஃபிட்டர் “புதுசு சார், ஆறு மாசத்துல செட் ஆயிரும்” என்கிறார். பக்கத்து வீட்டில் “எல்லா இடுக்கையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள்” என்கிறார்கள். பாக்கிப் பணம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி வெடித்துவிடுமோ என்றும் பயம்.

---

ரசமட்டம்:

நேரத்தைக் குறித்துச் சொன்னதால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. வெயிலோடு வந்து, இருட்டியதும் திரும்ப வந்து, மேகம் போட்டால் வராத ‘டக்’ வெப்பத்தால் நீளும் சத்தம்தான். வேறு எதுவும் இப்படி மணி பார்த்து வராது.

யுபிவிசி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மி.மீ. நீளும். அலுமினியம் 0.023. இரும்பு 0.012. உங்கள் பிரேம் 1.83 மீட்டர். வால்நட் மாதிரி அடர்ந்த நிறம் மேற்கு வெயிலில் 60, 65 டிகிரி வரை போகும். ராத்திரி 27க்கு இறங்கும். 38 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், வெறும் கணக்கில் கிட்டத்தட்ட 5 மி.மீ. வருகிறது. உள்முகம் அவ்வளவு சூடாகாது, உள்ளே ஸ்டீல் செருகியிருப்பதும் பிடித்து இழுக்கும். அதனால் நடைமுறையில் அதில் பாதி என்று கொள்ளலாம். இரண்டரை மி.மீ.யே தாராளமான நகர்வு. இதே சூட்டில் உங்கள் இரும்புக் கிரில் சுமார் 0.8 மி.மீ.தான் நீளும். அது வீட்டுக்குள் இருப்பதால் அந்தச் சூடும் அதற்கு ஏறாது.

நீளுவதால் சத்தம் வராது. நீள விடாமல் ஏதோ பிடிப்பதால்தான் வரும். பிடித்த இடத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், உராய்வு தாங்காத நொடியில் அரை மி.மீ. சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் ‘டக்’. எனவே தேட வேண்டியது பிடிக்கும் இடத்தை.

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, பிரேமில் 12 ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கிரில். நீளும் பொருளையும் நீளாத பொருளையும் ஒன்றாக இறுக்கியாயிற்று. இன்னொன்று, பிரேமை ஒட்டிப் பூசிய சிமெண்ட். மர நிலைக்குப் பூசிப் பழகிய கை யுபிவிசிக்கும் அதையேதான் செய்யும். அளவு எடுத்தவரும் அந்த இடைவெளியைக் கொத்தனாருக்குச் சொல்லியிருக்க மாட்டார். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. குறையாமல், அடர்ந்த நிறமாக இருந்தால் 8 வரை, இடைவெளி விட வேண்டும். அதை ஃபோம் (அடித்ததும் உப்பி இறுகும் நுரை) போட்டு நிரப்பி, மேலே சிலிக்கான் ஓட்ட வேண்டும். சிமெண்ட் அந்த இடத்துக்குள் போகவே கூடாது.

இவற்றைச் செலவில்லாமல் சோதிக்கலாம். மூன்று மணிக்கு, சத்தம் வரும் நேரத்தில், ஒரு துணியைப் பச்சைத் தண்ணீரில் பிழிந்து பிரேமின் ஒரு பக்கத்தை மட்டும் நீளமாகத் துடையுங்கள். கண்ணாடி மேல் வேண்டாம், பிரேம் மட்டும். வெளிப்பக்கம் கை எட்டாவிட்டால் ஷட்டரை நகர்த்திவிட்டு ட்ராக் பக்கம் துடைத்தாலும் போதும். பிடித்திருக்கும் பக்கம் சில நொடியில் ‘டக்’ கொடுக்கும். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். அப்போது இன்னொருவர் மூலைகளில் விரலை வைத்திருந்தால் அதிர்வு எந்த மூலையில் பலமாக இருக்கிறது என்று தெரியும். வெறும் காதை நம்பாதீர்கள். கிரில் கம்பி சத்தத்தை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடும்.

அடுத்து, கிரில் ஸ்க்ரூக்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு விட்டுவிட்டு மற்றதை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். மறுநாள் சத்தம் குறைந்தால் முதல் குற்றவாளி கிரில்.

பிறகு, உள்பக்கம் பக்கவாட்டில் ஏதாவது ஓர் இடத்தில் பிரேம் ஓரத்துச் சிலிக்கானை இரண்டு அங்குலம் பிளேடால் அறுத்து எடுங்கள். ஆக்ஸா பிளேடை (இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு) அந்த இடுக்கில் நுழையுங்கள். மெத்தென்று 30 மி.மீ. போனால் ஃபோம் இருக்கிறது. அரை அங்குலத்தில் ‘நறுக்’ என்று நின்றால் சிமெண்ட். மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பாருங்கள்.

“ஆறு மாதத்தில் சரியாகும்” என்பதில் கால்வாசி உண்மை உண்டு. கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் பட்டைகள் முதல் கோடையில் உட்கார்ந்துகொள்ளும், அவற்றின் சின்னச் சின்னச் சத்தம் குறையும். சிமெண்டில் மாட்டிய பிரேம் எந்த மாதத்திலும் சரியாகாது. அது நடுவில் வில்லாக வளையும், ஷட்டர் இறுகும், பூச்சில் பிரேம் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடும்.

---

நாகமலைக்காற்று:

அண்ணே, டக் டக்க ரசமட்டம் சார் பாத்துக்குவார். நான் கடகடக்கு வர்றேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், 20 கிலோ ஷட்டர் ஆடாதா? நம்ம ஊருக்கு இந்த மாசம் காத்து மேற்கதான், உங்க ஜன்னல் நேரா அதுக்கு மூஞ்சியக் காட்டிட்டு நிக்குது.

ஷட்டரக் கையால முன்ன பின்ன (வெளிய, உள்ள) ஆட்டிப் பாருங்க. மேல் பக்கம் ஆடுதா, கீழயா, நடுவுல ரெண்டு ஷட்டர் சேருற எடத்துலயா?

மேல ஆடுச்சுன்னா ஷட்டர் தாழ உக்காந்திருக்குண்டு அர்த்தம். ஷட்டரோட பக்கவாட்டுல, கீழ்மூலைல ஒரு ஓட்டை இருக்கும், சின்ன பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். உள்ள ஸ்டார் ஸ்க்ரூ. அதத் திருப்புனா ரோலர் ஏறும், எறங்கும். எந்தப் பக்கம் திருப்புனா ஏறுதுண்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கால் சுத்து திருப்பிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. திருப்பும்போது இன்னொருத்தர் ஷட்டர லேசாத் தூக்கிப் பிடிக்கணும், இல்லைன்னா ஸ்க்ரூ மண்டை வழுக்கிரும். ரெண்டு மூலையும் சமமா ஏத்துங்க. பூட்டுற பக்கம் பிரேமுக்கும் ஷட்டருக்கும் உள்ள இடுக்கு மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கணும்.

நடுவுல ஆடுச்சுன்னா ரெண்டு ஷட்டரும் கொக்கி போட்டுச் சேருற எடத்துல பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல புதுசுலயே சின்ன சைஸு போட்ருப்பாங்க. அதான் முடி முடியா இருக்கே, அந்தப் பட்டை. 5, 6, 7 மி.மீ. உயரத்துல வரும். இப்ப இருக்கறதவிட ஒரே ஒரு மி.மீ. கூடப் போடுங்க. ரெண்டு கூட்டுனா ஷட்டர இழுக்க ஆள் தேவைப்படும். நடுவுல மெல்லிசா பிளாஸ்டிக் தாள் வெச்ச பிரஷ் கெடைக்குது, காத்துக்கு அதான் நல்லது. பழசோட ஒரு அங்குலத் துண்டக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க, அடிப் பட்டையோட அகலமும் பொருந்தணும்.

இன்னொண்ணு. ரெண்டு ஷட்டரும் சேருற எடத்துல ட்ராக்குக்கு மேலயும் கீழயும் ஒரு சின்னக் கட்டை வெக்கணும், பிரஷ் ஒட்டுன பிளாஸ்டிக் கட்டை. நம்ம பக்கம் பாதி வீட்ல அது இருக்காது, ஏன்னா அது இல்லைன்னாலும் ஜன்னல் ஓடும். அந்த ஓட்டைல சுண்டு விரலே போகும். காத்தும் கொசுவும் அது வழியாத்தான். ஃபிட்டர்ட்ட “நடுக்கட்டை எங்க”ண்டு கேளுங்க, முழிச்சார்னா தெரிஞ்சிரும்.

பூட்டு: பூட்டின பெறகும் ஷட்டர் ஆடுச்சுன்னா பிரேம்ல இருக்கற கவ்வி தள்ளி இருக்கு. ரெண்டு ஸ்க்ரூவத் தளர்த்தி ஒரு மி.மீ. நகட்டுனாப் போதும்.

கொசுவலை ஷட்டரையும் விட்றாதீங்க. எடை கம்மி, அதான் மொதல்ல ஆடும். அத ஒரு ராத்திரி நல்லா ஒரு பக்கமாத் தள்ளி, இடுக்குல மடிச்ச துணியச் செருகிட்டுப் படுங்க. சத்தம் நின்னா கடகடக்குக் காரணம் கண்ணாடி ஷட்டரே இல்ல.

பிரேம் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் தாளு மிச்சம் இருந்தா அதையும் உரிச்சிருங்க. ட்ராக்குக்குள்ள ஒரு ஓரம் தொங்குனாக் காத்துல ‘பர்ர்ர்’ங்கும். வெயில்ல காய விட்டா அந்தப் பசை கல்லாயிரும், பெறகு உரிக்க நகம் போயிரும்.

---

கண்ணாடிக்கடை:

கண்ணாடி பற்றிக் கேட்டதற்கு மட்டும்.

டஃபன் என்று சொன்னால் நம்பாதீர்கள், மூலையில் முத்திரை பாருங்கள். கம்பெனிப் பெயரோடு ‘ஐஎஸ் 2553’ (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்) என்று மங்கலாகப் பதிந்திருக்கும். இருந்தால், வெயில் சூட்டுக்காக அது உடையாது. அந்த அளவு வெப்ப வித்தியாசம் அதற்குப் பொருட்டே இல்லை. முத்திரை இல்லாத சாதாரணக் கண்ணாடி வேறு கதை. ஒரு பாதி வெயிலிலும் ஓரம் பிரேமுக்குள் நிழலிலும் இருந்தால் 40 டிகிரி வித்தியாசத்திலேயே ஓரத்திலிருந்து கீறும். அதில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் இன்னும் சீக்கிரம். அதனால் முத்திரை பார்க்காமல் ஃபிலிம் ஒட்டாதீர்கள்.

டஃபன் கண்ணாடிக்கு எதிரி ஓரம்தான். ஷட்டருக்குள் கண்ணாடி பிரேமை நேராகத் தொடக்கூடாது. சுற்றிலும் 5 மி.மீ. விட்டு, கீழே ரோலர் இருக்கும் இரண்டு இடத்துக்கு மேல் பிளாஸ்டிக் கட்டை வைத்து அதில்தான் உட்கார வேண்டும். கட்டை இல்லாமல் இறக்கினால் கண்ணாடி ஓரம் பிரேமுக்குள் இருக்கும் ஏதாவது ஸ்க்ரூ முனையில் உட்காரும். ஷட்டரை வேகமாக மூடும்போது ‘ணங்’ என்று கேட்டால் சந்தேகப்படுங்கள். சரியாக உட்கார்ந்த கண்ணாடி ‘தொப்’ என்றுதான் கேட்கும். உள்பக்கப் பீடிங்கைக் கழற்றினால் கட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதை நீங்கள் நெம்ப வேண்டாம், பாக்கிப் பணம் வாங்க வருகிறவர் நெம்பட்டும்.

பீடிங்கில் ‘கிறீச்’ சத்தம் வந்தால் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேங்காய் எண்ணெய் ட்ராக்கில் விட்டால் ஒரு வாரம் வழுக்கும், பிறகு தெருப் புழுதி முழுவதும் அதில்தான் ஒட்டும். துரு எடுக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், ரப்பரை ஊற வைத்துவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே என்று கேட்டு வாங்குங்கள். ரப்பருக்கும் பீடிங்குக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு தடவை, மீதியைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

---

திருநகர்2தெரு:

இடையில் ஒரு கேள்வி. அலுமினியம் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வராது இல்லையா?

---

ரசமட்டம்:

குறையும், இல்லாமல் போகாது. நீளுவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அலுமினியம் சூட்டை உடனே வாங்கி உடனே விடும். மூலைகள் உருக்கி ஒட்டியவை அல்ல, ஸ்க்ரூவில் நிற்பவை. சிமெண்டில் புதைத்தால் அதுவும் ‘டக்’ தான். கடகட சத்தம் அதில் இன்னும் கூடுதல். போதாததற்கு, ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். மேற்குச் சுவருக்கு யுபிவிசி போடுகிறவர்கள் வெள்ளை நிறம் எடுத்தால் பாதிப் பிரச்சினை ஆரம்பத்திலேயே தீரும். வெள்ளை அவ்வளவு சூடாகாது.

---

நாகமலைக்காற்று:

சமையக்கட்டு விசிலுக்கும் சொல்லிர்றேன். சிம்னியப் போட்டுட்டு, பின்வாசக் கதவத் தெறந்து பாருங்க. விசில் நின்னா ஜன்னல் மேல பெருசாத் தப்பில்ல. சிம்னி மணிக்கு 1000 கன மீட்டர் இழுக்கும்னு பெட்டில போட்டிருக்கும். வீட்ல எல்லாத்தையும் அடைச்சு வெச்சா அந்தக் காத்து எங்கிட்டிருந்து வரும்? எந்த இடுக்கு கெடச்சாலும் அது வழியா ஊதிட்டுத்தான் வரும். பழைய மர ஜன்னல்ல ஊருபட்ட சந்து, அதனால ஊதல. சிம்னி ஓடும்போது ஹால் ஜன்னல ரெண்டு அங்குலம் தெறந்து வெச்சிருங்க, சிம்னியும் நல்லா இழுக்கும்.

அதுக்காக இடுக்க விட்றக் கூடாது. சிம்னி ஓடும்போதே ஊதுபத்தியக் கொளுத்தி ஷட்டர் ஓரமா மெதுவா நகத்துங்க. பொக நேரா மேல போகாம உள்பக்கம் வளையற எடம்தான் ஓட்டை. பெரும்பாலும் கீல் பக்கத்து மூலையா இருக்கும், அங்க ரப்பர் சுருங்கி ரெண்டு முனையும் வெலகியிருக்கும். அந்த ரப்பர இழுத்துச் சேக்காதீங்க, திரும்பச் சுருங்கிரும். புது ரப்பர ஒரே துண்டா, இழுக்காம, அமுக்கி அமுக்கி வெச்சு, முனை சேருற எடத்த மேல்பக்கம் நடுவுல வெச்சு ஒட்டணும்.

ரப்பர் நல்லாத்தான் இருக்குன்னா தாள் சோதனை. ஒரு காகிதத்த ஷட்டருக்கும் பிரேமுக்கும் நடுவுல வெச்சுப் பூட்டிட்டு இழுங்க. சுத்தி ஏழெட்டு எடத்துல பாருங்க. சுலபமா வர்ற எடத்துல அழுத்தம் பத்தல. ஷட்டர் ஓரத்துல காளான் மாதிரி குமிழ் இருக்கும், பூட்டும்போது பிரேம்ல கவ்வறது. அது நடுவுல இல்லாம லேசா ஒருபக்கமா நிக்கும். 4 மி.மீ. அலன் கீ போட்டுத் திருப்புனா ஷட்டர் உள்ள இழுத்துப் பிடிக்கும். எல்லாக் குமிழையும் ஒரே அளவு திருப்புங்க.

---

ரசமட்டம்:

‘களக் களக்’ பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் இதில் தலைவலி குறைந்தது, ஆனால் அதில்தான் பலர் காரியத்தைக் கெடுப்பார்கள்.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில் மழைத் தண்ணீர் சேரத்தான் செய்யும். சேர்ந்த தண்ணீர் வெளிப்பக்கம் இருக்கும் நீள ஓட்டைகள் வழியாக வடிய வேண்டும். காற்று அதே ஓட்டை வழியாக உள்ளே தள்ளும்போது குமிழி விட்டு ‘களக்’ என்கிறது. வடிந்துவிட்டால் கவலை இல்லை. மழை இல்லாத நாளில் ட்ராக்கில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிய வேண்டும். வடியாவிட்டால் ஓட்டைக்குள் பூச்சு வேலையில் விழுந்த சிமெண்ட் இருக்கும், அல்லது கொத்தனார் வெளியே ஜன்னலின் அடித்திட்டைப் பூசும்போது ஓட்டையையே மூடியிருப்பார். கம்பியை வளைத்துக் குத்தி எடுக்கலாம். வெளி ஓட்டைக்கு மடல் வைத்த மூடி கிடைக்கும். தண்ணீரை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. அதை மாட்டினால் விசிலும் குமிழிச் சத்தமும் சேர்ந்து குறையும்.

பக்கத்து வீட்டார் சொன்னபடி எல்லா இடுக்கையும் சிலிக்கான் வைத்து அடைத்தால் இந்த ஓட்டையும் அடைபடும். ஐப்பசி மழையில் தண்ணீர் ட்ராக்கைத் தாண்டி வீட்டுக்குள் வரும்.

---

மேற்குப்பார்வை:

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஈரத் துணி: மேல் பக்கம் துடைத்ததும் வரிசையாக ‘டக்’. இடது பக்கம் ஒன்றிரண்டு. வலதிலும் கீழும் இல்லை. கிரில் ஸ்க்ரூ தளர்த்தியதும் சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது, பலமான சத்தம் போயே போய்விட்டது. ஆக்ஸா பிளேடு மேலேயும் இடதிலும் அரை அங்குலத்தில் நின்றுவிட்டது, வலது பக்கம் மெத்தென்று போகிறது. பிரேமின் மேல்பக்கத்துக்கு நேராக நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் 3 மி.மீ. கீழே தொய்ந்திருக்கிறது. கண்ணாடியில் முத்திரை இருக்கிறது. நடுக்கட்டை இல்லை. தண்ணீர் வடிகிறது.

ஃபிட்டரிடம் என்னவென்று சொல்லி வேலை வாங்குவது? கிரிலை எங்கே மாட்டுவது?

---

ரசமட்டம்:

இப்போது படம் தெளிவு. மேல் பிரேம் சிமெண்டுக்கும் கிரிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 3 மி.மீ. தொய்வு அதற்குச் சாட்சி. அதைத் திருத்தாமல் ரோலரைத் தொடாதீர்கள், ஷட்டர் மேலே போய் உரசும்.

வேலை வரிசை முக்கியம். முதலில் கிரிலைக் கழற்ற வேண்டும். கிரில் உள்ளே இருக்கும்வரை ஷட்டர் அறைக்குள் வராது, மாடியில் வெளியே தூக்குவது ஆபத்து. கழற்றிய ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றிலும் சிலிக்கான் விட்டு மூட வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளே இருக்கும் ஸ்டீலுக்குப் போகும். பிறகு ஷட்டர்களைத் தூக்கி எடுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ, உங்கள் ஷட்டரில் கண்ணாடி மட்டும் 15 கிலோ, பிரேமோடு 20ஐத் தாண்டும். இரண்டு பேர் வேண்டும்.

ஷட்டர் வெளியே வந்ததும் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் பிரேம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஃபோம் வேலை மட்டும் போதாது, ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்.

சுவர் ஸ்க்ரூ எண்ணிப் பாருங்கள். மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, பிறகு 600க்கு மிகாமல் ஒன்று. உங்கள் அளவுக்கு மேலே 4, பக்கத்துக்கு 3 வரும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குப் பின்னாலும் பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் பேக்கிங் துண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் முடுக்கினால் பிரேம் சுவரை நோக்கி வளையும். மரச் சில்லும் டைல் துண்டும் இந்த இடத்துக்கு ஆகாது. ஸ்க்ரூ தலை உட்கார்ந்ததும் நிறுத்த வேண்டும், டிரில் மெஷினை விட்டு முறுக்கக் கூடாது. கையோடு ஒரு காந்தத்தை (பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும்) பிரேம் மேலும் ஷட்டர் மேலும் ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஸ்டீல் முழு நீளத்துக்கும் போட்டிருக்கிறார்களா, பாதியில் வெட்டிவிட்டார்களா என்று தெரியும்.

சிமெண்டை எடுப்பதுதான் நிதானம் வேண்டிய வேலை. மேலேயும் இடதிலும் பிரேம் ஓரமாக 8 மி.மீ. அகலத்துக்கு, பிரேமின் முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டும். அதிரும் பிளேடு வைத்த மல்டி கட்டர் நல்லது. கிரைண்டர் சக்கரம் ஒரு முறை தவறினால் வால்நட் தோல் கிழிந்துவிடும், அதற்கு மருந்து இல்லை. பிரேம் மேல் அட்டை வைத்து டேப் ஒட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். சிமெண்ட் விலகியதும் மேல் பிரேம் தானாகவே கொஞ்சம் நிமிரும். ஒருநாள் விட்டு நூல் பிடித்துப் பாருங்கள்.

பிறகு தூசியை ஊதி, இடைவெளியில் தண்ணீர் தெளித்து, குறைவாக உப்பும் பியூ (பாலியூரிதேன்) ஃபோம் அடிக்க வேண்டும். இடைவெளியில் பாதிதான் நிரப்ப வேண்டும், மீதியை அது உப்பி நிரப்பிக்கொள்ளும். நிறைய உப்பும் வகையை முழுக்க அடித்தால் ஃபோமே பிரேமைத் தள்ளும். சிமெண்டுக்குப் பதில் ஃபோம் பிடித்தது என்று ஆகும். அது இறுகும் வரை ஷட்டர்களைத் திரும்ப மாட்டி மூடி வைத்திருங்கள். மறுநாள் வெளியே நீட்டியதைக் கத்தியால் உள்வாங்கி அறுக்க வேண்டும். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிரும், அதனால் திறந்து விடக் கூடாது.

வெளிப்பக்கம் 10 மி.மீ. ஃபோம் கயிறு திணித்து, அதன் மேல் சிலிக்கான். கயிறு எதற்கென்றால், சிலிக்கான் பிரேமிலும் சுவரிலும் மட்டும் ஒட்ட வேண்டும். பின்னால் மூன்றாவது முகத்திலும் ஒட்டினால் நீளும்போது கிழியும். அகலம் 8 என்றால் ஆழம் 6 மி.மீ. நியூட்ரல் சிலிக்கான் என்று எழுதியிருக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சிமெண்டில் சரியாக ஒட்டாது, இரும்பையும் அரிக்கும். உங்கள் ஜன்னலின் சுற்றளவு 21 அடி, சுமார் 6.4 மீட்டர். 300 மி.லி. டியூப் ஒன்று சேதாரம் இல்லாமல் ஆறேகால் மீட்டர்தான் வரும். நான்கு பக்கமும் புதிதாக ஓட்டுவதாக இருந்தால் இரண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது, சுவர் பெயிண்ட்டை முன்பே முடித்துவிடுங்கள்.

கிரில் இனி சுவரில். ஜன்னல் குழியின் இரண்டு பக்கச் சுவரிலும் பட்டையை ஆங்கர் போல்ட்டில் மாட்டினால் பிரேமைத் தொடாது, பாதுகாப்புக்கும் அதுதான் சரி. பிரேமில் ஸ்க்ரூ போட்ட கிரிலைக் கடப்பாரை வைத்து நெம்பினால் பிரேமோடு வந்துவிடும். பட்டைக்கும் யுபிவிசிக்கும் நடுவில் 5 மி.மீ. காற்று விடுங்கள்.

---

கண்ணாடிக்கடை:

பணம் விஷயம். புரொஃபைலுக்கும் ஹார்டுவேருக்கும் தரும் வாரண்டி அட்டையில் பெரும்பாலும் பொருத்தும் வேலை சேராது. அதனால் பாக்கியைக் கொடுக்கும் முன் சத்தத்தை நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, நூல் பிடித்த 3 மி.மீ. தொய்வையும் படம் எடுத்து, இரண்டையும் எழுத்தில் அனுப்புங்கள். “சத்தம் வருகிறது” என்று எழுதாதீர்கள், அதற்குத்தான் “செட் ஆயிரும்” என்று பதில் வரும். “மேல் பிரேம் 3 மி.மீ. வளைந்துள்ளது, விரிவு இடைவெளி இல்லை, கிரில் பிரேமில் மாட்டப்பட்டுள்ளது, நடுக்கட்டை இல்லை” என்று எழுதுங்கள். பூச்சு வேலை உங்கள் கொத்தனார் செய்தது என்று அவர் தள்ளுவார். அது ஓரளவு நியாயம்தான், சிமெண்ட் எடுக்கும் கூலியை நீங்கள் ஏற்றுக்கொண்டு மற்றதை அவர் தலையில் வையுங்கள்.

---

மேற்குப்பார்வை:

எழுதி அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று. இதெல்லாம் செய்த பிறகு சத்தம் சுத்தமாக நின்றுவிடுமா? மற்ற ஜன்னல்களுக்கும் இதே நாளில் ஃபோம் அடிக்கலாமா?

---

ரசமட்டம்:

சுத்தமாக நிற்காது. அடர்ந்த நிறம், மேற்குச் சுவர், மேலே சன்ஷேடு நிழல், கீழே வெயில். அந்தப் பிரேமில் உச்சி வெயிலில் ஒன்றிரண்டு மெல்லிய ‘டிக்’ இருக்கும், பீடிங்கிலிருந்து வருவது. அடுத்த அறைக்குக் கேட்டால்தான் மறுபடி தேட வேண்டும். மூங்கில் தட்டியோ நிழல்வலையோ வெளியே இறக்கினால் அதுவும் குறையும். ஃபிலிமைவிட அது மேல்.

சமையலறைக்கு ஃபோம் வேண்டுமா என்பதை அங்கேயும் ஆக்ஸா பிளேடு விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் ஒரே நாளில் அடிப்பதுதான் லாபம். 750 மி.லி. கேன் ஒன்று மூன்று ஜன்னலுக்குத் தாராளம். ஆனால் குழாய் வைத்த கேனைப் பாதியில் நிறுத்தினால் வாய் இறுகி மீதி வீணாகிவிடும். அடிக்கும் முன் கேனை நன்றாகக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். இறுகிய பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.